நாற்காலியில் உட்கார்ந்தவர்

என் தம்பி மனைவியை எனக்குப் பிடிக்காது. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், பின்னால் வருகிற எதற்கும் வேறு காரணம் தேட வேண்டாம். அவள் கெட்டவள் இல்லை. கெட்டவளாக இருந்திருந்தால் எனக்கு இத்தனை சிரமம் வந்திருக்காது. முப்பது வருஷமாக அவளிடம் ஒரு குறையைக் கண்டுபிடிக்கப் பார்க்கிறேன். காபியில் சர்க்கரை கொஞ்சம் தூக்கலாகப் போடுவாள் என்பதைத் தவிர ஒன்றும் அகப்படவில்லை.

ஸ்ரீரங்கத்தில் அம்மாமண்டபம் ரோட்டில் இருக்கும் அந்த வீட்டில்தான் நான் பிறந்தேன், தம்பியும் பிறந்தான். இப்போது அங்கே அவனும் அவளும் இருக்கிறார்கள். நான் தென்னூரில் இரண்டாவது மாடி ஃப்ளாட்டில் இருக்கிறேன். ரயில்வேயில் டிக்கெட் கவுன்டரில் உட்கார்ந்து வேலை பார்த்து ரிட்டயர் ஆனவள். என் வீட்டுக்காரர் பொன்மலை ஒர்க்‌ஷாப்பில் இருந்து ரிட்டயர் ஆனவர். ரயில் எங்கள் ரத்தத்தில் இருக்கிறது என்று அப்பா சொல்வார். ஆனால் ரயில்வேயில் சம்பளம் வாங்கியது அந்த வீட்டில் நான் ஒருத்திதான். தம்பி துபாயில் இருந்துவிட்டு வந்து ஏசி மெஷின் வியாபாரம் செய்கிறான்.

அந்த வீட்டு ஹாலில் ஒரு பழைய போட்டோ மாட்டியிருக்கும். ஓர் எஞ்சின், அதன் முன்னால் ஒரு வரிசை நாற்காலி, நாற்காலிகளில் தொப்பி வைத்த வெள்ளைக்காரர்களும் தலைப்பாகை கட்டிய நம்மவர்களும், பின்னால் நின்றபடி ஒரு கூட்டம். எங்கள் கொள்ளுத்தாத்தா போட்ட ரயில் முதல் முறையாக ஓடிய அன்று எடுத்த படம் அது. அந்தக் கூட்டத்தில் அவரும் இருக்கிறார். படத்தின் கீழே யார் பெயரும் எழுதவில்லை.

ரயில் போட்டார் என்றால் சும்மா இல்லை. பெரிய கம்பெனிக்காரர்களுக்குத் தண்டவாளத்துக்கு அடியில் போடும் ஸ்லீப்பர் கட்டை சப்ளை செய்துகொண்டிருந்த ஆள் அவர். ஊரைச் சுற்றி எங்கெங்கோ ரயில் போகிறது, ஆற்றுக்கு வடக்கே நெல் விளைகிற ஊர்களுக்கு மட்டும் மாட்டு வண்டிதானா என்று அவருக்குத் தோன்றியிருக்கிறது. நிலக்காரர்களையும் மண்டிக்காரர்களையும் வீடு வீடாகப் போய்ப் பார்த்து, பங்கு சேர்த்து, ஒரு கம்பெனி ஆரம்பித்திருக்கிறார். கலெக்டருக்கு அவர் எழுதிய மனுக்களின் நகல் மட்டும் ஒரு டிரங்குப் பெட்டி நிறைய இருக்கும். அந்தப் பாதையைப் பிற்பாடு பெரிய கம்பெனி விழுங்கிவிட்டது, அதன் ஒரு துண்டில் இன்றும் பாசஞ்சர் வண்டி ஓடுகிறது. அவரோ நகரசபைக்குப் போய், அங்கிருந்து சென்னைச் சட்டசபைக் கவுன்சிலுக்கும் போய்விட்டார். கவுன்சிலில் எழுந்தால் ஸ்டேஷனில் குடிதண்ணீர் வேண்டும் என்பதைத் தவிர வேறெதுவும் பேச மாட்டாராம். அங்கே அவருக்குத் தண்ணீர்ப்பந்தல் என்றே பெயர் வைத்துவிட்டார்கள் என்று அப்பா சிரிப்பார்.

அவருக்கு ஆறு பெண்கள், ஒரே பையன். ஆறு பெண்களையும் அந்தப் பாதை போகிற ஊர்களிலேயே கட்டிக் கொடுத்தார். மகளைப் பார்க்கப் போவதற்காக ஊரார் பணத்தில் ரயில் விட்டவர் என்று நகரசபையில் அவருக்கு ஆகாதவர்கள் சொல்லித் திரிந்தார்களாம். அவர் மறுக்கவே இல்லையாம். ஆனால் எங்கள் வீட்டில் இருந்த வம்ச வரைபடத்தில் அந்த ஆறு பேரில் ஒருத்தி பெயரும் கிடையாது. ஒரே பையன், அவருடைய பையன்கள் என் அப்பாவும் சித்தப்பாவும், அப்பாவுக்குப் பையன் என் தம்பி. தம்பிக்குக் கல்யாணமானதும் அவன் பெயருக்குப் பக்கத்தில் பெண்டாட்டி பெயரும் ஏறியது. நான் எங்கேயும் இல்லை. சின்ன வயதில் அதைக் காட்டி அப்பாவிடம் கேட்டதற்கு, நீ வேறு வீட்டு மரத்தில் போய்க் காய்க்கப் போகிறவள் என்றார். என் புகுந்த வீட்டில் மரமும் இல்லை ஒன்றுமில்லை, அவர்களுக்குத் தாத்தா பெயரே சரியாகத் தெரியாது.

அவள் மண்ணச்சநல்லூர்க்காரி. ரைஸ் மில் வைத்திருக்கும் குடும்பம். கல்யாணமாகி வந்த புதிதில், கண்காட்சிக்கு வந்தவள் மாதிரி இந்த வீட்டுச் சாமான்களைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தாள். பட்டணத்துப் பெருமையெல்லாம் இவளுக்கு எங்கே புரியப்போகிறது என்று நினைத்தேன். ஒரே வருஷத்தில் அந்த டிரங்குப் பெட்டியைத் திறந்து, செல் அரித்த காகிதங்களை வெயிலில் காயவைத்து, ஒவ்வொன்றாகப் படித்து அப்பாவுக்குச் சொல்ல ஆரம்பித்துவிட்டாள். அவள் பி.ஏ. வரலாறு. அப்பாவுக்கு அப்போது கண்ணில் புரை. நான் ஞாயிற்றுக்கிழமை போனால் இரண்டு பேரும் ஏதாவது மனுவைப் பற்றி வாய் ஓயாமல் பேசிக்கொண்டிருப்பார்கள். ஒருநாள் அப்பா இடுப்பில் இருந்த அலமாரிச் சாவியை அவிழ்த்து என் கண் முன்னாலேயே அவளிடம் கொடுத்தார். நான் அடுப்படிக்குப் போய்த் தண்ணீர் குடித்தேன். இருபத்தெட்டு வருஷம் அந்த வீட்டில் வளர்ந்தவளுக்குக் கிடைக்காத சாவி அது.

அப்புறம் எல்லாமே அவள்தான். காலேஜில் இருந்து பிள்ளைகள் கேட்டு வந்தால் அவள்தான் பதில் சொல்வாள். கேமராவைத் தூக்கிக்கொண்டு யாராவது வந்தால் அவள்தான் போட்டோவுக்குப் பக்கத்தில் நிற்பாள். "எங்க கொள்ளுத்தாத்தா" என்று அவள் சொல்லும்போதெல்லாம் எனக்குச் சுருக்கென்று இருக்கும். யாருடைய கொள்ளுத்தாத்தா? வருஷா வருஷம் அவள் வீட்டு மில்லில் இருந்து எனக்கு ஒரு மூட்டை பொன்னி அரிசி வரும். அதைத்தான் இன்றுவரை தின்கிறேன். அதிலும் ஒரு கல் இருந்து தொலைக்காது.

ஆனால் ஒரு விஷயம் அவளுக்குத் தெரியாது.

அப்பாவின் கடைசி வருஷம். அவள் அம்மாவுக்கு உடம்புக்கு முடியாமல் பத்து நாள் மண்ணச்சநல்லூர் போயிருந்தாள். நான் லீவு போட்டுவிட்டு அப்பாவுடன் இருந்தேன். அவள் எப்போது வருவாள் என்று ஒரு நாளைக்கு மூன்று தடவை என்னிடமே கேட்பார், அது வேறு. ஒரு மத்தியானம் அந்தப் போட்டோவைக் கழற்றித் தரச் சொன்னார். துடைத்து மடியில் வைத்தேன். பார்வை மங்கின கண்ணோடு விரலால் தடவி, கடைசி வரிசையில் எஞ்சின் சக்கரத்தின் பக்கத்தில் நிற்கும் ஒருவர்மேல் கொண்டுபோய் வைத்தார். தலைப்பாகை இல்லாத ஆள். சட்டைப் பித்தானும் ஒன்று திறந்திருக்கும். அவர்தான் பாட்டனார் என்றார்.

நாங்கள் எல்லோரும், தம்பியும் நானும் சித்தப்பா வீட்டுக்காரர்களும், நடு நாற்காலியில் தடியை ஊன்றிக்கொண்டு பெரிய மீசையோடு உட்கார்ந்திருப்பவர்தான் அவர் என்று நினைத்து வளர்ந்தவர்கள். ரயில் போட்டவர் நடுவில்தானே உட்கார்ந்திருப்பார்? அப்பா நடந்ததைச் சொன்னார். அன்றைக்கு முதல் வண்டிக்கு நெல் மூட்டை ஏற்றி வந்த மாடுகள் விசில் சத்தத்துக்கு மிரண்டு ஓடி, ஒரு வண்டி குடை சாய்ந்துவிட்டது. வண்டிக்காரன் கால் அடியில் மாட்டிக்கொண்டது. தாத்தா நாற்காலியை விட்டு எழுந்து ஓடினார். போட்டோக்காரன் வெளிச்சம் போகிறதென்று காத்திருக்கவில்லை. நட்ட நடுவில் காலி நாற்காலி படத்தில் விழக்கூடாது என்று கூட்டத்தில் நின்றிருந்த, பார்க்க லட்சணமான யாரையோ பிடித்து உட்கார வைத்துவிட்டார்கள். படம் பிடிக்கும் முன் தாத்தா திரும்பி வந்தபோது தலைப்பாகை எங்கேயோ போயிருந்தது, அப்படியே பின்னால் போய் நின்றுகொண்டார்.

நகரசபைத் தேர்தல் வந்தபோது, தன் ரயிலிலேயே உட்கார இடம் கிடைக்காதவன் உங்களுக்கு என்ன செய்துவிடுவான் என்று எதிராளிகள் பிரசாரம் செய்தார்களாம். தாத்தா கூட்டத்தில், அந்த நாற்காலியில் உட்கார்ந்தவன் பேர் உங்களில் ஒருத்தருக்காவது தெரியுமா என்று மட்டும் கேட்டாராம். யாருக்கும் தெரியவில்லை. ஜெயித்துவிட்டார்.

அடையாளமும் அப்பா சொன்னார். தண்டவாளம் இறக்கும்போது நசுங்கிப் போனதில் தாத்தாவுக்கு இடது கை மோதிர விரல் கிடையாது. சக்கரத்தின் மேல் வைத்திருக்கும் கையை உற்றுப் பார்த்தால் தெரியும், நான்கு விரல்தான். நாற்காலிக்காரர் தடியின் மேல் இரண்டு கையையும் வைத்திருப்பார், பத்து விரலும் எண்ணி எடுத்துக்கொள்ளலாம். தம்பியிடமும் ஒரு தரம் சொன்னதாக அப்பா சொன்னார். அவன் எதைக் காதில் வாங்கினான், இதை வாங்க.

வீடு தம்பிக்கு, போட்டோ தம்பிக்கு, சாவி அவளுக்கு. எனக்கு வந்தது இந்த ஒன்றுதான். அதனால் நான் யாரிடமும் சொல்லவில்லை, என் வீட்டுக்காரரைத் தவிர. அவள் பத்துப் பேரைக் கூட்டி வைத்துக்கொண்டு நாற்காலிக்காரரைக் காட்டிப் பேசும்போதெல்லாம் நான் ஓரமாக நின்று உள்ளுக்குள் சிரித்துக்கொள்வேன். அது எனக்கு எவ்வளவு பெரிய ஆறுதலாக இருந்தது என்று சொன்னால் யாரும் நம்ப மாட்டார்கள்.

போன வருஷம் அந்தப் பாதையில் இருக்கும் ஒரு சின்ன ஸ்டேஷனில், வெயிட்டிங் ஹாலில் தாத்தா படத்தை மாட்டப்போவதாக ரயில்வே ஆபீசில் இருந்து தகவல் வந்தது. தகவல் யாருக்கு வந்தது? அவளுக்கு. முப்பத்திரண்டு வருஷம் அதே ரயில்வேயில் டிக்கெட் கிழித்தவள் நான், எனக்கு அவள் போன் பண்ணித்தான் தெரிந்தது. பெரிய படமாக வரைந்து மாட்டுவார்களாம், திறப்பு விழாவாம், குடும்பத்தின் சார்பாக ஒருவர் பேச வேண்டுமாம். அக்கா பேசட்டும் என்று தம்பி சொல்வான் என எதிர்பார்த்தேன். அவளே பேசட்டும்க்கா, அவளுக்குத்தான் எல்லாம் தெரியும் என்றான்.

மூன்று மாதம் கழித்து அவள் தென்னூருக்கு வந்தாள். போட்டோவைப் பெரிதாகப் பிரின்ட் போட்டு எடுத்து வந்திருந்தாள். என் சாப்பாட்டு மேஜைமேல் விரித்து நான்கு மூலையிலும் டம்ளர் வைத்தாள்.

"அண்ணி, மாமா எப்பவாவது உங்ககிட்ட காட்டியிருக்காங்களா? நடுவுல உட்கார்ந்திருக்கறவர்தான்னு இவரு சொல்றாரு. எனக்கு என்னமோ மனசுக்கு ஒப்பல. ஒரு லெட்டர்ல கூட அவரு தடி வச்சிருந்ததா இல்ல. படம் வரையறவரு கேட்டுக்கிட்டே இருக்காரு."

அவளுக்குச் சந்தேகம் வந்திருக்கிறது. வெறும் காகிதத்தைப் படித்தே வந்திருக்கிறது. இன்னும் நாலு நாள் விட்டால் விரலையும் கண்டுபிடித்துவிடுவாள், அதுவும் அவளுடையதாகிவிடும் என்று எனக்குப் பகீரென்றது. நான் கண்ணாடியை மாட்டிக்கொண்டு குனிந்தேன். சக்கரத்தின் பக்கத்தில் அவர் நின்றுகொண்டிருந்தார். என் விரலை நாற்காலிக்காரர்மேல் வைத்தேன்.

"இவர்தான். அப்பா என் கையைப் பிடிச்சுக் காட்டினாரு."

அவள் முகம் மலர்ந்துவிட்டது. இத்தனை நாள் இதை உங்களிடம் கேட்காமல் இருந்தேனே என்று தலையில் தட்டிக்கொண்டாள். போகும்போது ஒரு டப்பா அதிரசத்தை மேஜைமேல் வைத்துவிட்டுப் போனாள்.

என் திட்டம் இதுதான். விழா நடக்கும், திரையை விலக்குவார்கள், அவள் பேசி முடிப்பாள். அப்போது நான் எழுந்து, தன்மையாக, மன்னிக்கணும், இது எங்கள் தாத்தா இல்லை என்பேன். விரலைச் சொல்வேன், மாட்டைச் சொல்வேன், தேர்தலைச் சொல்வேன். அத்தனை பேரும் என் பக்கம் திரும்புவார்கள். நீங்கள்தானே இவர் என்று காட்டினீர்கள் என்று அவள் கேட்டால்? கேட்க மாட்டாள், அவளுக்கு அத்தனை பேர் முன்னால் அப்படிப் பேச வராது. கேட்டாலும், அவசரத்தில் நீ சரியாகக் கவனிக்கவில்லை என்று சொல்லிக்கொள்ளலாம். குளிக்கும்போதெல்லாம் இதைச் சொல்லிப் பார்த்துக்கொண்டேன். அரக்குப் பட்டுப்புடவையை இஸ்திரிக்குக் கொடுத்தேன்.

அழைப்பிதழ் வந்தது. அட்டையில் நாற்காலிக்காரர் கலரில் ஜொலித்தார். என் வீட்டுக்காரர் கையில் வாங்கிப் பார்த்துவிட்டு, இது அவர் இல்லையே, நீதானே சொன்னாய் என்றார். பேப்பரைப் படியுங்கள் என்றேன். அவர் அட்டையை மேஜைமேல் கவிழ்த்து வைத்தார்.

"என்னமோ பண்ணு. ஆனா நான் அங்க வரல."

அவர் வரவில்லை. வயிற்று வலி என்று தம்பியிடம் சொன்னேன்.

காலை பத்து மணிக்கு விழா. பந்தல் இல்லை, வெயிட்டிங் ஹாலிலேயே இருபது முப்பது நாற்காலி. பாசஞ்சரில் இறங்கினவர்களும் பையோடு நின்று வேடிக்கை பார்த்தார்கள். அதிகாரி திரையை விலக்கினார். உறையூரில் யாரோ வரைந்த படம். மீசை, தடி, தடியின் மேல் பத்து விரல், அதில் ஒன்றில் வரைந்தவன் தானாகச் சேர்த்த பச்சைக்கல் மோதிரம் வேறு. எல்லோரும் கை தட்டினார்கள். நான் முந்தானையைச் சரி செய்துகொண்டேன்.

அவள் காகிதம் இல்லாமல் பேசினாள். குடிதண்ணீரைச் சொன்னாள். ஆறு பெண்களைச் சொல்லி எல்லோரையும் சிரிக்க வைத்தாள். பிறகு சுவரில் சுருட்டி வைத்திருந்த ஒன்றை அவிழ்த்துவிட்டாள். புது வம்ச வரைபடம். அதில் அந்த ஆறு பேரும் இருந்தார்கள், எந்த எந்த ஊரில் வாழ்க்கைப்பட்டார்கள் என்பதோடு. அப்பாவுக்குக் கீழே முதலில் என் பெயர், அதற்குப் பிறகுதான் தம்பி. அதைப் பார்த்ததும் எனக்கு ஆத்திரம்தான் வந்தது. நான் பிறந்த வீட்டு மரத்தில் ஏறுவதற்கு இவள் வந்து ஏணி பிடிக்க வேண்டுமா?

எழுந்திருக்கலாம் என்று நாற்காலிக் கையைப் பிடித்தேன். அதற்குள் அவள் என் பக்கம் கையை நீட்டினாள்.

"மூணு மாசமா இந்தப் போட்டோவை வச்சுக்கிட்டு யாரு எங்க தாத்தான்னு தெரியாம தவிச்சேன். எங்க அண்ணிதான் பார்த்த உடனே விரலை வச்சுக் காட்டினாங்க. மாமா அவங்ககிட்ட மட்டும்தான் சொல்லியிருக்காங்க. முதல் மாலையை அவங்கதான் போடணும்."

அவள் என்னைச் சிக்க வைக்கவில்லை, அந்தக் கணக்கெல்லாம் அவளுக்குத் தெரியாது. ஆனால் நான் வெட்டின குழியில் நானே நின்றுகொண்டிருந்தேன். என்னை அழைத்துப்போனார்கள். அதிகாரி பொன்னாடை போர்த்தினார். கையில் ரோஜா மாலையைக் கொடுத்தார்கள். யாரென்றே தெரியாத ஒருவருக்கு நான் மாலை போட்டேன். கூட்டத்தில் ஒரு அம்மா, மூக்கைப் பாரு, அந்த அம்மாவுக்கு அப்படியே தாத்தா மூக்கு என்றாள். எல்லோரும் என் மூக்கைப் பார்த்தார்கள், ஆமாம் ஆமாம் என்றார்கள்.

சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது, எனக்குச் சந்தோஷமாக இருந்தது. என் வாழ்க்கையில் ஒருவரும் என்னை அந்த வீட்டுப் பெண் என்று ஊரறியப் பார்த்ததில்லை. அன்றைக்குப் பார்த்தார்கள். கேமரா முன்னால் நிமிர்ந்து நின்றேன்.

மறுநாள் பேப்பரில் படம் வந்தது, நானும் மாலையும் நாற்காலிக்காரரும். திருவானைக்காவலில் இருந்து சித்தப்பா மகள் போன் பண்ணினாள், பெங்களூரில் இருந்து யாரோ பண்ணினார்கள். ஒருவரிடமும் ஒன்றும் சொல்லவில்லை. என் வீட்டுக்காரர் அந்தப் பேப்பரைத் தொடவே இல்லை. போகப்போக மறந்துவிடலாம் என்றுதான் நினைத்திருந்தேன்.

இரண்டு மாதம் கழித்து அப்பாவின் திதி வந்தது. ஸ்ரீரங்கத்துக்குப் போனேன். பூஜை அறையில் படையல் போட்டிருந்தாள், வாழைக்காய் பொரியல், அப்பாவுக்குப் பிடித்த பாகற்காய் பிட்லை, வடை, பாயசம். சுவரில் அப்பா படம் சந்தனமும் குங்குமமும் வைத்து. அதன் பக்கத்திலேயே, அதே அளவுச் சட்டத்தில், நாற்காலிக்காரர். அவருக்கும் பொட்டு, அவருக்கும் துளசி மாலை. ஒரே இலையை இரண்டு பேருக்கும் நடுவில் போட்டிருந்தாள்.

விஷயத்தை எனக்குச் சொன்ன மனுஷன் என் அப்பா. அவர் பக்கத்தில், அவர் திதி அன்றைக்கே, முன்பின் தெரியாத ஒரு ஆளை உட்கார வைத்துச் சோறு போட்டாயிற்று. அவள் கற்பூரத் தட்டை எடுத்து என்னிடம் நீட்டினாள். நான் வாங்கவில்லை. இவர் நம் தாத்தா இல்லை என்று சொல்லிவிட்டேன். சக்கரத்துப் பக்கம் நிற்பவர்தான் தாத்தா, அப்பா காட்டியது அவரைத்தான் என்றேன். தம்பி கடைக்குப் போயிருந்தான். நாங்கள் இரண்டு பேர்தான்.

"தெரிஞ்சேதான் மாத்திச் சொன்னீங்களா அண்ணி?"

ஆமாம் என்றேன்.

தட்டைக் கீழே வைத்தாள். திட்டப் போகிறாள், முப்பது வருஷத்துக்கும் சேர்த்து இன்றைக்கு வாங்கிக் கட்டிக்கொள்ளலாம் என்று நின்றேன். அவள் ஹாலுக்குப் போய் போட்டோவைக் கழற்றி, அப்பாவின் மேஜை டிராயரில் இருந்த பூதக்கண்ணாடியை எடுத்து வந்தாள். எங்கே என்று கேட்டாள். காட்டினேன். குனிந்து ஒவ்வொரு விரலாக எண்ணினாள். நான் மாட்டையும் வண்டிக்காரனையும் சொல்லச் சொல்ல அவள் கண்ணில் இருந்து தண்ணீர் கொட்டியது.

"நின்னுக்கிட்டே இருந்திருக்காரு பாருங்க, இத்தனை வருஷமும். நாம ஒருத்தரும் பார்க்கல."

பிறகு பூஜை அறைக்குப் போய் நாற்காலிக்காரர் படத்தை எடுத்தாள். எடுத்தவள் அதைச் சட்டென்று கீழே வைக்கவில்லை, முந்தானையால் பொட்டைத் துடைத்துவிட்டு, இவர் எந்த வீட்டு மனுஷரோ, இவரைத் தேடிக்கொண்டு யாராவது இருப்பார்களோ என்று கேட்டாள். எனக்கு அது தோன்றியதே இல்லை. அவள் கேட்ட பிறகுதான் அவருக்கும் ஒரு வீடு இருந்திருக்கும் என்று நினைத்தேன். அதிலும் அவள்தான் முந்திக்கொண்டாள்.

ஸ்டேஷனில் இருக்கும் படத்தை இறக்கியாக வேண்டும், ஆபீசில் போய்ச் சொல்ல வேண்டும் என்றாள். நான் என்ன முகத்தோடு போய்ச் சொல்வது என்று கேட்டதற்கு, நீங்கள் வர வேண்டாம், நான்தான் சரியாகப் பார்க்காமல் விட்டேன் என்று சொல்லிக்கொள்கிறேன் என்றாள். தம்பிக்கும் அப்படியே சொல்லிவிடலாமாம், என் பெயர் எங்கேயும் வர வேண்டாமாம். எத்தனை சுலபமாகச் சொன்னாள். நான் சரி என்று தலையை ஆட்டினேன். மறுநாள் காலையில் எதற்கோ கிளம்பி நானும் போனேன். துணைக்கு வருவதாகச் சொன்னேன்.

நான் வேலை பார்த்த இடத்துக்கு மேல் மாடியில்தான் அந்த அதிகாரி அறை. வழியில் இரண்டு பேர் என்னைப் பார்த்து, தாத்தா படத்தை பேப்பரில் பார்த்தோம் மேடம் என்றார்கள். உள்ளே உட்கார்ந்தோம். அவள் போட்டோவை விரித்தாள், லெட்டர்களை எடுத்து வைத்தாள், தான் அவசரப்பட்டுத் தவறான ஆளைக் கொடுத்துவிட்டதாக நிதானமாகச் சொன்னாள். ரயில்வேக்குச் சங்கடம் ஏற்படுத்திவிட்டேன், புதுப் படத்தை நாங்களே வரைந்து தருகிறோம் என்று கை கூப்பினாள். குரல் பிசகவே இல்லை. பொய் சொல்லிப் பழக்கமில்லாதவள், எனக்காக அத்தனை அழகாகச் சொன்னாள்.

அந்த அதிகாரி கையில் இருந்த லெட்டரைக் கீழே வைத்தார். இந்தக் காலத்தில் செய்த தப்பை ஒத்துக்கொண்டு தானாக வருகிறவர்கள் யார் இருக்கிறார்கள், நீங்கள் சொல்லாவிட்டால் எங்களுக்குத் தெரியவே போவதில்லை என்றார். எழுந்து நின்று அவளுக்குக் கும்பிடு போட்டார். வாசலில் நின்ற பியூன் கூட அவளை மரியாதையாகப் பார்த்தான்.

எனக்குக் கோபம் உச்சந்தலைக்கு ஏறிவிட்டது.

"தப்பு இவங்களோடது இல்லைங்க. எனக்கு முன்னாடியே தெரியும். தெரிஞ்சேதான் வேற ஆளைக் காட்டினேன்."

அவர் உட்கார்ந்துவிட்டார். ஏன் மேடம் அப்படிச் செய்தீர்கள் என்று கேட்டார்.

"இவ மேல பொறாமை. வேறென்ன."

அவள் மேஜைக்குக் கீழே என் கையைப் பிடித்துக்கொண்டாள். அவர் எதையோ எழுதிக்கொண்டார், பிறகு எங்களைப் போகச் சொன்னார். படத்தை அந்த வாரமே இறக்கிவிட்டார்கள். புதுப் படம் வரையக் கொடுத்திருக்கிறது, தலைப்பாகை இல்லாமல், நான்கு விரலோடு.

அண்ணிக்கு மனசாட்சி பெரிது, எத்தனை பேர் முன்னால் என்றாலும் உண்மையைச் சொல்லிவிடுவார் என்று சொந்தக்காரர்கள் எல்லோரிடமும் அவள் சொல்லிக்கொண்டிருக்கிறாள். அதெல்லாம் இல்லை. அந்த அறையில் அவளுக்கு எழுந்து நின்று கும்பிடு போட்டார்கள். என் தப்புக்கான மரியாதையையும் அவளே வாங்கிக்கொண்டு போவதை என்னால் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்க முடியவில்லை. அதனால்தான் வாயைத் திறந்தேன்.